இரண்டாம் சரணத்தில் ஓர் இருமல்

ஷியாவ் ருங்-குன் ட்ரம்ஸ் கற்றுக்கொண்டது இரண்டு முட்டைக்காக. கட்டாய ராணுவச் சேவைக்குச் சின்மென் தீவுக்குப் போன முதல் வாரம், புதுப் பயல்களை வரிசையாக நிறுத்தி, "ட்ரம் வாசிக்கத் தெரிஞ்சவன் ஒரு அடி முன்னால வா" என்றார் அதிகாரி. பேண்டுக்காரர்களுக்குக் காலையில் ஒரு முட்டைக்குப் பதில் இரண்டு என்று முந்தைய நாள்தான் அவன் காதில் விழுந்திருந்தது. முன்னால் வந்தான். அதுவரை அவன் தட்டியதெல்லாம் கொசு மட்டுமே. ஆனால் பசியைப் போல வாத்தியார் உண்டா? இரண்டு வருஷம் கழித்து ஊர் திரும்பும்போது, வாயில் சிகரெட்டோடு கையும் காலும் நாலு திசையில் போக வாசிக்கிற அளவுக்குத் தேறியிருந்தான்.

ஊர் என்றால் ஹை-வெய். சியாயி கடற்கரையில் மீன்குளமும் சிப்பிப் படுகையும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர். அங்கே ராக் இசைக் குழு ஒன்று இருந்தது என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. இருந்தது. பெயர் 'இரும்பு நங்கூரம்'. கல்யாணம், கடைத் திறப்பு, கம்பெனிகளின் வருஷக் கடைசி விருந்து, எதற்குக் கூப்பிட்டாலும் போவார்கள். ஒரு தடவை பல் டாக்டரின் அப்பா சாவுக்கும் போய்ப் பாதி ஊரைக் காது பொத்த வைத்தார்கள்.

குழுவின் பாடகன் தன்னைக் 'கருஞ்சிறுத்தை' என்று அழைத்துக்கொண்டான். நிஜப் பெயர் ஃபாங் மிங்-தே என்பது அவனைப் பெற்றவளுக்கும் தபால்காரருக்கும் மட்டும் தெரியும். வயதில் ஏழு வருஷத்தை முழுங்கியிருந்தான். சித்திரை வெயிலில் தோல் பேண்ட் போட்டுக்கொண்டு, ராத்திரியெல்லாம் வேர்க்குருவுக்குப் பவுடர் அப்புவான். ஆனால் குரல் நல்ல குரல். அதை யாரும் மறுக்க முடியாது.

ட்ரம்ஸ் வாசிக்கும் ருங்-குன்னை ஊரில் எல்லோரும் ஆ-குன் என்பார்கள். ஆ-குன்னுக்கும் பாட ஆசை. சும்மா ஆசை இல்லை, தூக்கத்திலும் முணுமுணுக்கிற ஆசை. ஆனால் அவன் குரல் மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிற மெஷின் மாதிரி. ஒரு நாள் ஒத்திகையில் தன்னை மறந்து கூடவே பாடிவிட்டான். கருஞ்சிறுத்தை பாட்டை நிறுத்தித் திரும்பினான்.

"டேய், ட்ரம்மருக்கு வாய் எதுக்குக் குடுத்திருக்கு?"

"எதுக்கு?"

"வெத்தல போட. மூடிக்கிட்டு வாசி."

வாயை மூடிக்கொண்டு ஆறு வருஷம் வாசித்தான்.

நாட்டில் ராணுவச் சட்டத்தை விலக்கிய மறுவருஷம், டிராகன் வருஷம், வாங்யே சாமி கோயில் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. சாமியின் பிறந்த நாளுக்கு யாரைப் பாட வைப்பது என்று வருஷா வருஷம் அடித்துக்கொள்வதை விட, சாமியிடமே உத்தரவு கேட்டுவிடலாம். அதுவும் வருஷத்துக்கு ஒரு மிருகமாக வருகிற பன்னிரண்டு வருஷச் சுற்றுக்கும் சேர்த்து ஒரே தடவையாக. இந்த யோசனை கமிட்டித் தலைவர் வெய் தியென்-லாயுடையது. சிப்பி மொத்த வியாபாரி. ஒரு வேலையை இரண்டு தடவை செய்வது அவருக்கு ஆகாது.

உத்தரவு கேட்பது சுலபம். பிறை மாதிரி இரண்டு மரக்கட்டைகள், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உப்பல். தரையில் போட்டால் ஒன்று தட்டையும் ஒன்று உப்பலும் காட்டினால் சாமி சரி என்கிறார். இரண்டும் உப்பலைக் காட்டினால் மாட்டேன் என்கிறார். இரண்டும் தட்டையைக் காட்டினால் சிரிக்கிறார். மூன்று தடவை தொடர்ந்து சரி விழுந்தால் அப்புறம் அப்பீலே கிடையாது. ஒன்றே ஒன்று: ஆளின் சொந்தப் பெயர், பிறந்த நாள், நேரம், வீட்டு விலாசம் எல்லாம் சொல்லிக் கேட்க வேண்டும். இல்லையென்றால் சாமி யாரைத் தேடிப் போவார், பாவம்.

தலைவர் 'இரும்பு நங்கூரம்' குழுவுக்குப் போன் போட்டார். குழுவில் போன் இருந்தது ஒரே இடத்தில், ஆ-குன்னின் மனைவி பீ-யுன்னுடைய சிப்பி ஆம்லெட் கடையில். அவளுக்கு அப்போது அடுப்பில் ஆறு ஆம்லெட், வாசலில் பதினாலு பேர்.

"குழு ஆளோட பேரு, பிறந்த நாள், நேரம் எல்லாம் சொல்லும்மா, சாமிகிட்ட கேக்கணும்" என்றார் தலைவர்.

பீ-யுன் கரண்டியைத் திருப்பிக்கொண்டே கடகடவென்று ஒப்பித்தாள். தலைவர் பதிவேட்டில் 'பாடகர்' என்ற கட்டத்துக்குள் எழுதிக்கொண்டார்.

அன்று மாலை சாமி முதலில் நாடகக் கோஷ்டியை மாட்டேன் என்றார். காவ்சியுங்கிலிருந்து வரவிருந்த பாட்டுக்காரியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தலைவர் பதிவேட்டைப் பார்த்து, "ஷியாவ் ருங்-குன், குதிரை வருஷம், ஏழாம் மாசம் ஒம்பதாம் தேதி, விடியக்காலம் பிறந்தவன், கடலோரத் தெரு பதினொண்ணாம் நம்பர், இவன் பாடலாமா" என்று கேட்டார். சரி. சரி. சரி.

கோயில் சுவரில் சிவப்புத் தாள் ஒட்டினார்கள். ஊரே வாய் பிளந்து நின்று படித்தது. பீ-யுன்னும் படித்தாள். படித்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கரண்டியோடு வந்தவள் கரண்டியோடு வீட்டுக்கு ஓடினாள், இது தப்பு, சாமிகிட்ட ஆளை மாத்திச் சொல்லிட்டேன் என்று சொல்ல. ஆ-குன் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தான்.

"பீ-யுன், சாமி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காரு" என்றான். "கதவு நம்பரோட."

அவள் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சரி, முகத்தைக் கழுவு, சாப்பிட வா" என்றாள். அதோடு அந்த விஷயத்தை முழுங்கிவிட்டாள்.

கருஞ்சிறுத்தைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "ஐஸ் மெஷின் பாடறதக் கேக்கற சாமிக்குக் காது போயிருச்சுன்னு அர்த்தம்" என்று கோயில் வாசலிலேயே கத்திவிட்டு, தோல் பேண்ட்டோடு தைச்சுங் பஸ் ஏறினான். குழு கலைந்தது. ஆ-குன் தனிப் பாடகன் ஆனான்.

முதல் கச்சேரியை என்னவென்று சொல்ல. நின்று பாடினால் அவனுக்குக் குரல் வரவில்லை. காலால் ட்ரம்மை மிதித்தால்தான் தொண்டை திறந்தது. ஆகவே ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, கீபோர்டு டேப்பைப் போட்டுவிட்டுப் பாடினான். மேடை கோயிலைப் பார்த்து இருக்கும். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஜனம். ஜனத்தின் தலைக்கு மேலே கோயிலுக்குள் சாமி. ஆ-குன் சாமியை மட்டும் பார்த்துப் பாடினான். மூன்றாவது பாட்டில் நாற்காலிகள் பாதி காலி. கமிட்டியில் ஒருவர் தலைவரிடம் முணுமுணுத்தார்.

"சாமி கேட்டது சாமிக்குக் கெடச்சுது" என்றார் தலைவர். "நமக்கும் பிடிக்கணும்னு எங்க எழுதியிருக்கு?"

அடுத்து ஆ-குன் கேசட் தயாரிப்பாளர் ஆனான். அதுவும் சாமியால்தான். சிப்பிக் கொட்டகை மாடியில் முட்டை அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டி, பழைய டேப் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டான். தன்னைக் கூப்பிட்ட சாமியைக் கேட்காமல் ஒரு தாளத்தையும் பதிவு செய்வதில்லை என்று சபதம். மெஷினுக்குப் பக்கத்திலேயே பிறைக் கட்டைகள் இருக்கும். பாடி முடித்ததும் போட்டுப் பார்ப்பான். ட்ரம்ஸ் சத்தத்தை ஏற்றலாமா? சிரிப்பு. குறைக்கலாமா? சிரிப்பு. இப்படியே இருக்கட்டுமா? மாட்டேன். வெளியூர்க்காரர்களும் பதிவுக்கு வர ஆரம்பித்தார்கள். துக்க வீடுகளில் கூலிக்கு அழுகிற ஒரு அம்மாள் தன் ஒப்பாரியைப் பதிய வந்தாள். சாமி இருபத்தொன்பது தடவை சிரித்ததில் அவள் நிஜமாகவே அழுதுவிட்டாள், அதைப் பதிந்தான், சரி விழுந்தது.

அவனுடைய சொந்தப் பாட்டு ஒன்றுதான் பேர் வாங்கியது. சிப்பிச் சேற்றில் ரப்பர் பூட்ஸைத் தொலைத்தவன் கடலோடு போடுகிற சண்டை. "இடது பூட்ஸு கெடச்சாச்சு, வலது பூட்ஸக் குடு கடலே" என்று ஒவ்வொரு சரணமும் முடியும். பதினேழு தடவை பாடினான். பதினாறைச் சாமி சிரித்துத் தள்ளிவிட்டார். பதினேழாவதில் இரண்டாம் சரணம், 'கெடச்சாச்சு' என்று முடித்த கையோடு அவனுக்கு இருமல் வந்துவிட்டது. குறட்டையும் தும்மலும் கலந்த மாதிரி ஒரு இருமல். சும்மா கட்டையைப் போட்டான். சரி. சரி. சரி.

"இருமலோடயா?" என்றாள் பீ-யுன்.

"உத்தரவு ஆயிருச்சு. ஒண்ணும் பண்ண முடியாது."

இருமலோடு கேசட் வெளிவந்தது. ஆச்சரியம் என்னவென்றால், விற்றது. மீன்குளத்துக்காரர்கள் ஐந்து ஐந்தாக வாங்கிப் போனார்கள். ஆ-குன்னுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு நாள் ஸ்கூட்டரில் குளக்கரையோரம் போகும்போது, பன்னிரண்டு குளங்களிலும் கம்பத்தில் ஸ்பீக்கர் கட்டி அவன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி, கண் கலங்கி, ஒரு குளத்துக்காரரிடம் நன்றி சொன்னான்.

"நாங்கதான்ப்பா உனக்குச் சொல்லணும்" என்றார் அவர், மனதார. "பட்டாசு, தகர டப்பா எல்லாம் போட்டுப் பாத்தாச்சு, கொக்கு அசையல. உன் பாட்டுக்கு மட்டும்தான் ஓடுது. அதுவும் அந்த இருமல் வருது பாரு, ஒரு கொக்கு நிக்கணுமே."

ஆ-குன் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை.

"கொக்குக்கு என்னய்யா தெரியும்" என்றாள் பீ-யுன்.

"மனுஷங்க கொக்குக்காகத்தான் வாங்கறாங்க. போகட்டும். சாமி என்னைக் கூப்பிட்டாரே, அது போதும். யார் எப்படிச் சிரிச்சா எனக்கென்ன."

பீ-யுன் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்ததை அவனுக்குச் சொன்னால் அவனிடம் மிச்சம் என்ன இருக்கும்? அந்த ஒரு நினைப்பில்தான் அவன் காலையில் எழுந்திருக்கிறான், பல் தேய்க்கிறான், பாடுகிறான். அதைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. வருஷங்கள் போயின. பன்னிரண்டு பிறந்த நாளுக்கும் பன்னிரண்டு கச்சேரி. ஒவ்வொன்றிலும் அவன் ஜனத்தின் தலைக்கு மேலே சாமியைப் பார்த்தே பாடினான்.

மறுபடி டிராகன் வருஷம் வந்தது. மறுபடி உத்தரவு கேட்கிற நாள். அன்று பார்த்து, தைச்சுங்கிலிருந்து ஒரு வேனில் கருஞ்சிறுத்தை வந்து இறங்கினான். இத்தனை நாள் வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் விற்றிருக்கிறான். தலைக்குச் சாயம், வயிற்றுக்கு இறுக்கமான பெல்ட். நேரே தலைவரிடம் போனான்.

"தலைவரே, பழைய பதிவேட்ட எடுங்க. குழுவோட பாடகன் நான். 'பாடகர்'னு போட்டு ட்ரம்மர் ஜாதகத்த எழுதினது யாரு?"

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருடைய கையெழுத்துதான். ஓரத்தில் 'ஆம்லெட் கடை, போன் மூலம்' என்று இருந்தது. எல்லோரும் பீ-யுன்னைப் பார்த்தார்கள். சாமிக்கு முன்னால் நிற்கிறாள். பொய் சொல்ல முடியுமா?

"நான்தான் சொன்னேன்" என்றாள். "எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே ஆம்பள ஜாதகம் அதுதான். பாடறவன் ஜாதகம் வேணும்னு அப்ப எனக்குத் தோணல, அடுப்புல ஆறு ஆம்லெட்டு."

ஆ-குன்னின் முகம் சுண்டிப் போயிற்று. "எப்பத்திலேர்ந்து தெரியும் உனக்கு?"

"செவப்புத் தாள் ஒட்டின அன்னிக்கே."

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் ஓடி வந்தேன். நீ அழுதுக்கிட்டு இருந்தே. சந்தோஷத்துல நீ அழுது அதுக்கு முன்னாடி நான் பாத்ததில்லய்யா."

தலைவர் கனைத்துக்கொண்டு, நியாயம் நியாயம்தான், இந்தத் தடவை சரியாகக் கேட்போம் என்றார். முதலில் ஆ-குன்னின் பெயரைச் சொல்லிக் கட்டையைப் போட்டார். இரண்டும் உப்பலைக் காட்டிக் குப்புறக் கிடந்தன. மாட்டேன். அடுத்துக் கருஞ்சிறுத்தை. சொந்தப் பெயரையும் நிஜப் பிறந்த வருஷத்தையும் சாமிக்கு முன்னால் உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னான். ஐம்பத்தெட்டா என்று கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சரி. சரி. சரி.

அவ்வளவுதான். ஆ-குன் தரையில் கிடந்த கட்டைகளைக் குனிந்து எடுத்து, துடைத்து, தலைவர் கையில் கொடுத்தான்.

"அப்ப அன்னிக்கும் சாமி என்னைக் கூப்பிடல" என்றான்.

தலைவர் பதிவேட்டை மூடிவைத்தார்.

கச்சேரிக்கு ட்ரம்ஸ் வாசிக்க ஆள் வேண்டும். ஊரில் இருப்பதோ ஒரே ட்ரம்மர். பீ-யுன் வேண்டாம் என்றாள். "சாமி காரியம், வாசிக்கறேன்" என்றான் ஆ-குன். "வாய மூடிக்கிட்டு வாசிக்கறது எனக்குப் புதுசா?"

பிறந்த நாள் அன்று மாலை நாலு மணிக்குக் கச்சேரி. ஒரு நாற்காலி காலி இல்லை. மீன்குளத்துக்காரர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கருஞ்சிறுத்தை தோல் பேண்ட்டில் வந்து நின்றான். பாடினான். குரல் இன்னும் நல்ல குரல்தான். ஜனம் மரியாதையாகக் கை தட்டியது. நாலு பாட்டு இப்படியே போயிற்று. ஐந்தாவதுக்கு முன் குளத்துக்காரர் ஒருவர் எழுந்தார், அன்று கொக்குக் கதை சொன்ன அதே ஆள்.

"பூட்ஸு பாட்டு பாடுப்பா."

"பூட்ஸு, பூட்ஸு" என்றது பின்வரிசை.

கருஞ்சிறுத்தைக்குப் பாட்டு தெரியும். ஊருக்குள் வந்த நாலு நாளாகக் குளத்துக்குக் குளம் அதுதானே கேட்கிறது. திரும்பி ஆ-குன்னைப் பார்த்தான். ஆ-குன் தலையைக் குனிந்துகொண்டு குச்சிகளைத் தட்டித் தாளம் கொடுத்தான்.

கருஞ்சிறுத்தை அழகாக ஆரம்பித்தான், சுருதி பிசகாமல். இரண்டாவது வரியிலேயே ஜனம் சேர்ந்துகொண்டது. சேர்ந்துகொண்டது என்ன, முந்திக்கொண்டது. பத்து வருஷமாகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை குளக்கரையில் கேட்ட பாட்டு. பிள்ளைகள் அதில்தான் பேசக் கற்றன. ஆனால் எல்லோரும் ஆ-குன் பாடினபடியே பாடினார்கள். அவன் எங்கே சுருதி விட்டானோ அங்கே முந்நூறு பேரும் விட்டார்கள். அவன் எங்கே மூச்சு வாங்கினானோ அங்கே வாங்கினார்கள். கருஞ்சிறுத்தை சரியாகப் பாடப் பாட, அவன் மட்டும்தான் தப்பாகப் பாடுவது போல இருந்தது. இரண்டாம் சரணம் வந்தது. "இடது பூட்ஸு கெடச்சாச்சு" என்று இழுத்துவிட்டு அவன் அடுத்த வரிக்குப் போனான்.

ஊர் போகவில்லை. ஊர் இருமியது. கைக்குழந்தைக்காரிகள், கமிட்டிக்காரர்கள், குளத்துக்காரர்கள், குறட்டையும் தும்மலும் கலந்த மாதிரி, ஒரே நேரத்தில், ஒரே அளவாக. கோயில் கூரையிலிருந்து புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன.

கருஞ்சிறுத்தை பாட்டை நிறுத்திவிட்டான். மைக்கை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு வந்து ட்ரம்ஸுக்கு முன்னால் வைத்தான்.

"இவங்ககிட்ட நான் பாட முடியாதுடா. நீயே பாடித் தொல."

"உத்தரவு உனக்குத்தானே."

கீழே தலைவருக்கு வேர்த்து ஊற்றியது. முந்திச் சாமி உத்தரவு, இப்போது ஜனம் உத்தரவு. அவசரமாகக் கட்டைகளை எடுத்து நாற்காலிகளுக்கு நடுவிலேயே போட்டார். இரண்டும் தட்டை. மறுபடி போட்டார். இரண்டும் தட்டை. மூன்றாவதும் தட்டையே.

"என்ன தலைவரே, என்ன சொல்றாரு?" என்று மேடையிலிருந்து கேட்டான் கருஞ்சிறுத்தை.

"ஒண்ணும் சொல்லல" என்றார் தலைவர். "சிரிச்சுக்கிட்டே இருக்காரு."

ஆ-குன் காலை ட்ரம்மில் வைத்தான். வழக்கமாகப் பார்க்கிற இடத்தைப் பார்க்கத் தலை தானாக நிமிர்ந்தது, பிறகு இறங்கியது. கொக்குக்காரர் மூன்றாவது வரிசையில் இருந்தார், பெண்டாட்டி பிள்ளைகளோடு. ஒப்பாரி அம்மாளும் எங்கிருந்தோ வந்திருந்தாள். ஓரத்தில் கரண்டியோடு பீ-யுன். பன்னிரண்டு வருஷமாக இவர்கள் எல்லோரும் இங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அவன் பார்க்கவே இல்லை.

முதலிலிருந்து பாடினான். இரண்டாம் சரணம் வந்தது. "இடது பூட்ஸு கெடச்சாச்சு" என்றதும் நிறுத்தினான். இருமல் வரவில்லை. முயன்று பார்த்தான், வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

பரவாயில்லை. அவனுக்காக ஊர் இருமியது. ஓரத்தில் நின்ற பீ-யுன்தான் எல்லோரையும் விடச் சத்தமாக இருமினாள்.